தரம் 1 பிள்ளைக்கு வாங்கிய செயற்பாட்டுப் பெட்டி: ஐந்து மாதம் பாவித்த பிறகு

பெப்ரவரியில் திருகோணமலை நகரத்தில் ஒரு புத்தகக் கடையில் 4,250 ரூபா கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன். மஞ்சள் மூடி, அதில் பென்சில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு யானைக்குட்டி, பக்கத்தில் '4 முதல் 7 வயது வரை' என்ற எழுத்து. இதே சாமான்களை நீல மூடி போட்டு வேறு பெயரில் விற்பதையும் பிறகு பார்த்தேன். ஆகவே பெயரைச் சொல்வதைவிட உள்ளே இருப்பதைச் சொன்னால்தான் உங்களுக்கு உதவும்.

உயிர், மெய், ஆய்தம் என்று 31 பட அட்டைகள். பின்பக்கம் காந்தம் ஒட்டிய பிளாஸ்டிக் எழுத்துகள், அவற்றை ஒட்டிப் பார்க்க ஒரு சின்னத் தகரப் பலகை. 1 முதல் 20 வரை எண் அட்டைகள், ஐந்து நிறத்தில் 50 பிளாஸ்டிக் வட்டுகள். எழுதி அழிக்கும் தாள் பன்னிரண்டும் ஒரு மாக்கரும். துளை போட்ட மரப்பலகை நான்கும் கோர்க்க நூலும். விளையாட்டுக் காசு, அட்டை மணிக்கூடு, பெற்றோருக்கு ஒரு கையேடு. எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது.

நான் உப்புவெளியில் வீட்டிலேயே தையல் செய்கிறேன். மகள் தரம் 1. மகனுக்கு ஒன்றரை வயது, கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம். கணவருக்கு நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வேலை. சீசன் தொடங்கினால் அவர் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் நித்திரை. பதினொன்றரைக்குப் பாடசாலை விட்டு மகள் வந்ததும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று "அம்மா, என்ன செய்யிற?" என்று தொடங்கிவிடுவாள். அந்த நேரத்தைத் தொலைபேசியிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. பெட்டியை வாங்கியது அதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பாடசாலை தொடங்கிய இரண்டாவது கிழமை பெற்றோர் கூட்டம் நடந்தது. ஆரம்பப் பிரிவில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்று விதமாகப் படிப்பிக்கிறார்கள் என்றும், தரம் 1, 2 இரண்டும் சேர்ந்த முதலாம் கட்டத்தில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் கூடுதல் இடம் என்றும் ரீச்சர் விளங்கப்படுத்தினார். பிறகு எங்களைப் பார்த்து, "வீட்டில இன்னொரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டாம். வகுப்பில செய்தத வீட்டுச் சாமான வச்சு ஒருக்காச் செய்து பாருங்கோ, காணும்" என்றார். 'வீட்டுச் சாமான்' என்று அவர் சொன்னதை அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அடுத்த கிழமையே கடைக்குப் போய்விட்டேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். முதலில் பட அட்டைகள். அச்சு நன்றாக இருக்கிறது, நிறம் மங்கவில்லை, மூலைகள் வட்டமாக வெட்டியிருப்பதால் கையைக் கிழிக்காது. ஆனால் முதல் நாளே ஒரு இடத்தில் நின்றுவிட்டோம். 'ஆ' அட்டையில் தோடம்பழம் ஒன்றின் படம். மகள் படத்தைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது தோடம்பழம் தானே அம்மா? ஏன் 'ஆ' எண்டு போட்டிருக்கு?" கீழே 'ஆரஞ்சு' என்று எழுதியிருந்தது. அடுத்து 'எ'. எலுமிச்சை. எங்கள் வீட்டில் அது தேசிக்காய். பெட்டி இந்தியாவில் அச்சிட்டு வந்தது, அது குற்றமில்லை. அந்தச் சொற்களும் தமிழ்தான், ஒரு நாள் பிள்ளை அவற்றையும் அறியத்தான் வேண்டும். ஆனால் எழுத்தின் ஒலியைப் பிடிக்கும் முதல் மாதத்தில், படம் ஒரு சொல்லையும் எழுத்து வேறொரு சொல்லையும் சொன்னால் பிள்ளைக்கு அந்த அட்டை உதவாது. படத்தைப் பார்த்தவுடன் வாயில் வருகிற சொல்லின் முதல் ஒலிதான் எழுத்துக்குப் போகும் வழி. அதனால் 'ஆ'வுக்கு ஆடு, 'எ'க்கு எலி என்று டிமை பேப்பரில் வரைந்து மேலே ஒட்டினேன். ஒன்பது அட்டைகளில் இப்படிச் செய்ய வேண்டி வந்தது. மகளே வரைந்த எலிக்கு வால் அட்டையைத் தாண்டிப் போகிறது. அவள் மறக்காத எழுத்து அதுதான்.

இதைவிடப் பெரிய குறை வரிசையில் இருந்தது. பெட்டி அ, ஆ, இ, ஈ என்று போகிறது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் படித்தோம், விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவிப்பதும் 'அ'தான். ஆனால் மகளின் ரீச்சர் எழுதும் வேலையை ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்கோடாக உள்ள எழுத்துகளில் தொடங்கினார். ஐந்து வயதுக் கைக்கு 'அ'வின் சுழியும் 'இ'யின் வளைவும் எவ்வளவு கடினம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். 'ட' இரண்டு கோடு. 'ப' மூன்று கோடு. இந்த இரண்டும் 'ம'வும் கைவந்தால் 'படம்' என்று முழுச் சொல்லே எழுதிவிடலாம், ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. தன் கையால் ஒரு சொல் எழுதிய பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

நான் முதல் இரண்டு கிழமை பெட்டியின் வரிசையில் போனேன், வகுப்பு வேறு வரிசையில் போனது. பிள்ளை நடுவில் நின்று அழுதாள். இதைப் பிழை என்றே சொல்வேன், என் பிழை. ரீச்சரிடம் போய்க் கேட்டேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கிழமை எடுக்கப்போகும் எழுத்தையும் கணிதப் பகுதியையும் கொப்பியின் கடைசித் தாளில் ஒரு வரியாக எழுதி அனுப்பச் சம்மதித்தார். அந்த ஒரு வரி கிடைத்த பிறகுதான் பெட்டியில் இருந்து எதை எடுப்பது, எதை மேலே அலுமாரியில் வைப்பது என்பதே விளங்கியது. இப்படி ஏதாவது பெட்டி வாங்கியவர்கள் தயவுசெய்து பிள்ளையின் ரீச்சரிடம் இதைக் கேளுங்கள். கோபிக்க மாட்டார்கள்.

எங்கள் அம்மாவாலும் ஒரு சின்னக் குழப்பம் வந்தது. அவர் பழைய முறைப்படி 'கானா, காவன்னா' என்று சொல்லிக்கொடுப்பார். மகள் 'கல்' என்ற சொல்லைக் 'கானா, லானா' என்று வாசித்துவிட்டு அது என்ன சாமான் என்று கேட்டாள். எழுத்தின் பெயரைச் சேர்த்தால் சொல் வராது, ஒலியைச் சேர்த்தால்தான் வரும். அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன். "அப்ப நான் கதை சொல்லுறன், எழுத்த நீ பார்" என்று விட்டுக்கொடுத்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டியில் உயிர்மெய் ஒன்றுகூட இல்லை என்பது அடுத்த விடயம். 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், அவ்வளவுதான். பிள்ளை வாசிக்கும் சொற்களில் பெரும்பாலும் வருவது மிச்சம் 216இல் இருந்துதான். 'க்' என்ற புள்ளி எழுத்தைத் தனியாகச் சொல்லச் சொன்னால் பெரியவர்களே 'இக்' என்று ஒரு 'இ' சேர்த்துத்தான் சொல்கிறோம். அதற்காக ஒரு பிறிஸ்டல் போட் வாங்கி, க, ப, ம, ட, ர, ல என்று கொஞ்சம் அட்டையும், அரவு, கொம்பு, இரட்டைக் கொம்பு தனித்தனியாகச் சின்னத் துண்டுகளாகவும் வெட்டினேன். 'க'வுக்குப் பக்கத்தில் அரவை வைத்தால் 'கா'. கொம்பை முன்னால் வைத்தால் 'கெ'. கொம்பு முன்னால், அரவு பின்னால் என்றால் 'கொ'. இதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது: வாயில் 'க்' முதலில் வருகிறது, கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது. கையால் துண்டை எடுத்து முன்னால் வைத்துப் பார்த்த பிறகு மகளுக்கு அந்தத் தடுமாற்றம் குறைந்தது. 4,250 ரூபாப் பெட்டியில் இருந்திருக்க வேண்டியது இதுதான்.

காந்த எழுத்துகளைப் பற்றி எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டும். பார்க்க மிக அழகு, தகரப் பலகையில் 'டக்' என்று ஒட்டும்போது பிள்ளைக்கும் பிடித்திருந்தது. ஆனால் மூன்றாவது மாதம் 'ழ்' எழுத்தின் பின்பக்கத்தில் இருந்த காந்தம் கழன்று பாயில் கிடந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மகன் பாயில் தவழ்ந்துகொண்டிருந்தான். நான் கண்டது நல்லகாலம். ஒரு காந்தத்தை விழுங்குவதே ஆபத்து. இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு பக்கத்தில் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட குடலையே துளைத்துவிடும். எல்லா எழுத்தையும் திருப்பிப் பார்த்தேன். இன்னும் நான்கில் பசை விட்டிருந்தது. எங்கள் உப்புக் காற்றில் தகரப் பலகையின் ஓரமும் துரு பிடித்துவிட்டது. முழுவதையும் ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியைத் திறக்கவே வேண்டாம். பெட்டியின் மேல் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கைகூட இல்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

எழுதி அழிக்கும் தாள்களில் கோடு புள்ளி புள்ளியாக இருக்கிறது, மேலே எழுதிப் பழகலாம். தாள் நல்லது, மாக்கர் முதல் நாளே காய்ந்திருந்தது. கடையில் கேட்டால் "பெட்டி உடைத்தால் மாற்ற முடியாது" என்றார்கள். வேறு மாக்கர் வாங்கிப் பாவித்தோம். ஆனால் வழுவழுப்பான தாளில் மாக்கர் ஓடிவிடுகிறது, கை அழுத்தத் தேவையில்லை. கொப்பியில் பென்சிலால் எழுதும்போதோ அழுத்த வேண்டும். அது வேறு வேலை, இது வேறு வேலை. பின்னேரம் கடற்கரைக்குப் போனால் ஈர மணலில் குச்சியால் பெரிதாக 'ம' எழுதச் சொல்வேன். தோளில் இருந்து முழுக் கையும் அசைய எழுதுகிறாள், அலை வந்து அழிக்கிறது, திரும்ப எழுதுகிறாள். வீட்டில் என்றால் ஒரு தட்டில் ரவை.

துளைப் பலகையும் நூலும் பெட்டியிலேயே மிகச் சிறந்த சாமான். நான் தையல்காரி என்பதால் சொல்லவில்லை. ஒரு கையால் பலகையைப் பிடித்து, மறு கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நூலின் நுனியைப் பிடித்துத் துளைக்குள் விடுவது பென்சில் பிடிப்பதற்கு மிக நெருங்கிய வேலை. பெப்ரவரியில் மகள் பென்சிலை உலக்கை மாதிரி முழுக் கையால் பிடிப்பாள். ரீச்சர் திருத்தும்போது பிடிப்பாள், பிறகு பழையபடி. இரண்டு மாதம் நூல் கோர்த்து, உடுப்புக் காயப்போடும் கிளிப்பை அழுத்தித் திறந்து, ரொட்டி மா உருட்டி, காம்பில் இருந்து முருங்கைக் கீரை உருவி வந்த பிறகு விரல்கள் தானாகச் சரியான இடத்துக்கு வந்தன. இன்னொன்று: பென்சிலை நீளமாகக் கொடுக்காதீர்கள். விரல் நீளத் துண்டுப் பென்சில் கொடுத்தால் முழுக் கையால் பிடிக்க அதில் இடமே இருக்காது. நூலின் நுனியில் இருந்த பிளாஸ்டிக் உறை கழன்றபோது மெழுகுதிரி மெழுகில் தோய்த்துக் காயவிட்டேன், இன்றும் நிற்கிறது.

எண்களுக்கு வருகிறேன். 50 வட்டுகள் பயன்படுகின்றன, ஆனால் என் தையல் டப்பாவைத் திறந்த நாளிலிருந்து மகள் வட்டுகளைத் தொடவில்லை. பட்டன்களில் இரண்டு துளை, நான்கு துளை, கறுப்பு, வெள்ளை, பெரிது, சிறிது. "நாலு துளை உள்ளதை மட்டும் எடு" என்றால் அது வகைப்படுத்தல். "பெரியதில் இருந்து சிறியதுக்கு அடுக்கு" என்றால் அது வரிசைப்படுத்தல். வகுப்பில் செய்வதும் இதுதான். பத்து முட்டை வைக்கும் பெட்டி ஒன்று குசினியில் இருந்தது. அதன் குழிகளில் பட்டன் போட்டால் ஏழு நிறைந்திருக்கும், மூன்று வெறுமையாக இருக்கும். ஏழும் மூன்றும் பத்து என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வெறுங்குழியைப் பார்த்து அவளே சொன்னாள். இப்போது ஒரு கையால் மூடி "எத்தனை வெறுமை?" என்று என்னைக் கேட்கிறாள்.

எண் அட்டைகளில் 12ஐப் பார்த்து "பதினிரண்டு" என்பாள், 19ஐப் பார்த்து "பதினொன்பது". முதலில் திருத்திக்கொண்டே இருந்தேன். பிறகுதான் யோசித்தேன், பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து என்று கேட்ட பிள்ளை பதினிரண்டு என்று சொல்வதில் என்ன பிழை? அவள் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டாள், மொழிதான் அந்த இடத்தில் பன்னிரண்டு என்று விலகிப் போகிறது. அதற்குப் பெட்டியில் உதவி எதுவும் இல்லை. ஈர்க்குக் கட்டுதான் கைகொடுத்தது. பத்து ஈர்க்கை றப்பர் பாண்டால் கட்டிவிட்டு, பக்கத்தில் இரண்டை வைத்தால் பத்தும் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். பெயர் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டால் போதும்.

அதற்கு மேல் அவளைக் கொண்டுபோனது என் அளவு நாடா. 150 சென்ரிமீற்றர் நாடா, 1இல் இருந்து 150 வரை எண் இருக்கிறது. சுவரில் குத்திவிட்டேன். வகுப்பு இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை, நானும் கேட்கவில்லை. அவளாகவே விரலால் நடந்து போனாள். எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, அப்புறம் "ஒன்பதுபத்து" என்றாள். தமிழில் ஒன்பதுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. தொண்ணூறு என்பதில் நூறின் பெயர் முன்கூட்டியே வந்துவிடுகிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் வந்துவிடுகிறது. எனக்கே அன்றுதான் அது உறைத்தது. நாடாவில் 90க்கு ஒரு சிவப்பு நூல் கட்டினேன். அங்கே வந்ததும் நின்று மூச்சு வாங்கி "தொண்ணூறு" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போவாள்.

விளையாட்டுக் காசு முழுவதும் இந்திய ரூபா. "இது எங்கட காசு இல்லையே" என்று மகள் ஒதுக்கிவிட்டாள். உண்மையான 1, 2, 5, 10 ரூபாக் குற்றிகளைக் கழுவிக் கொடுத்துக் கடை விளையாடுகிறோம், மகன் தூங்கும்போது மட்டும். அட்டை மணிக்கூட்டின் முள் முதல் கிழமையே கழன்றது, தரம் 1க்கு அது அவசரமும் இல்லை.

கையேட்டில் ஒரு பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளை விடை சொன்னதும் 'சரி', 'பிழை' என்று சொல்லாமல் 'எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள் என்கிறது. கேட்டுப் பாருங்கள், எங்கே விளங்கவில்லை என்று பிள்ளையே காட்டிவிடும். அதே கையேடு தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. காலையில் எழும்பிப் பள்ளிக்கூடம் போய் வந்த பிள்ளை. பின்னேரம் நான்கு மணிக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் அவளாகக் கேட்டால் நீட்டுவேன், கொட்டாவி விட்டால் மூடிவிடுவேன். காய்ச்சல் நாளில் எதுவும் இல்லை. ஜூனில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் வெளித் திண்ணையில் அட்டையைப் பரப்பவே முடியாது. அந்த மாதம் முழுக்கக் கொக்கான்தான் விளையாடினோம். ஐந்து கல்லில் ஒன்றை எறிந்து இரண்டை அள்ளினால் மிச்சம் எத்தனை என்று கேட்டால் அதுவும் கணிதம்தான்.

அம்மா கதை சொல்வதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பாடப்புத்தகத்தில் 'வருகிறான்' என்று இருக்கும். மகள் எழுத்து எழுத்தாகச் சரியாக வாசித்துவிட்டு, என்ன என்று விளங்காமல் என்னைப் பார்ப்பாள். எங்கள் வீட்டில் யாரும் 'வருகிறான்' என்று பேசுவதில்லை, 'வாறான்' என்கிறோம். எழுத்துத் தமிழ் காதில் விழுந்தே இராத பிள்ளைக்கு அது பாதி அந்நியச் சொல். அம்மா இரவில் கதையைப் பேச்சு மொழியில் சொல்வார், அதே கதையைப் புத்தகத்தில் இருந்து நான் வாசிப்பேன். 'வாறான்' என்று கேட்டதை 'வருகிறான்' என்று கேட்கும்போது பிள்ளைக்கு இரண்டும் ஒன்று என்று தெரிகிறது. இதற்குப் பெட்டியில் எதுவும் இல்லை, ஒரு கதைத்தாள்கூட இல்லை. வாசிப்புக்கு உதவும் என்று மூடியில் எழுதிவிட்டு ஒரு கதையும் வைக்காதது எனக்குப் புதினமாக இருந்தது.

சுற்றாடல் பாடத்துக்கும் பெட்டியில் ஒன்றும் இல்லை. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், அதற்கு இந்த ஊரே இருக்கிறது. போன மாதம் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். ஏழு கிணறு. ஒவ்வொன்றிலும் வாளியில் அள்ளிக் கைவிட்டுப் பார்த்து 'இது சூடு, அது அதைவிடச் சூடு' என்று மகள் வரிசைப்படுத்தினாள். திருகோணமலைக் கோட்டை வாசலில் நிற்கும் மான்களுக்கு எத்தனை கால் என்று கூட்டிப் பார்த்தாள், இரண்டு மானுக்கு மேல் விரல் காணவில்லை. உப்புவெளிக் கரையில் சிப்பியும் சோகியும் பொறுக்கிப் பெரிது சிறிது என்று பிரித்தாள். சிப்பி பொறுக்க ஆசைப்படும் பிள்ளையோடு புறாத்தீவுக்குப் போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அது தேசியப் பூங்கா, அங்கிருந்து முருகைக்கல்லோ சிப்பியோ எதையும் எடுத்து வரக்கூடாது.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்தில் இரண்டரை. துளைப் பலகைக்கும் எண் அட்டைக்கும் எழுதும் தாளுக்கும் அந்த இரண்டரை. காந்தம் இல்லாத, எங்கள் ஊர்ச் சொல் போட்ட, உயிர்மெய் சேர்த்த ஒரு பெட்டி உள்ளூரில் யாராவது செய்தால் அதே விலைக்கு மறுபடியும் வாங்குவேன். இப்போதைய பெட்டியை, 1,500 ரூபாவுக்குக் குறைவாகக் கிடைத்தாலும் காந்த எழுத்துகளை எறிந்துவிட்டுத்தான் பாவிக்கச் சொல்வேன். கையில் காசு நெருக்கடி என்றால் ஒரு பிறிஸ்டல் போட், ஒரு முட்டைப் பெட்டி, ஒரு கட்டு ஈர்க்கு, ஒரு அளவு நாடா. கடைக்குப் போகவே வேண்டாம்.

இப்போது நாங்கள் அதிகம் விளையாடுவது பஸ் போர்ட் விளையாட்டு. நூலும் லைனிங் துணியும் வாங்க நகரத்துக்குப் போகும்போது பஸ் நிலையத்தில் நின்று பெயர்ப் பலகைகளை வாசிப்போம். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக்காட்ட இதைவிட நல்ல அட்டை யாரும் அச்சடிக்க முடியாது. 'நிலாவெளி'யில் 'ல'வும் இருக்கிறது, 'ள'வும் இருக்கிறது. 'யாழ்ப்பாண'த்தில் 'ழ'. வீட்டுக்கு வந்து பார்த்த பெயரை அவளே அட்டையில் எழுதுவாள். பழைய பிஸ்கற் ரின் ஒன்றில் இதுவரை பதினான்கு ஊர் சேர்ந்திருக்கிறது.

போன சனிக்கிழமை ஒரு பஸ் வந்து திரும்பியது. மகள் தூரத்தில் இருந்தே "கன்னியா!" என்றாள். பஸ் கிட்ட வந்தது. உதட்டை அசைத்துத் திரும்ப வாசித்தாள். என் கையை இழுத்து, "இல்ல அம்மா, இது மூண்டு சுழி. கிண்ணியா" என்றாள். பிஸ்கற் ரின்னில் இப்போது அந்த இரண்டு ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சுழிகளை மட்டும் சிவப்புப் பென்சிலால் எழுதியிருக்கிறாள்.